பேணுவாரற்ற மனைகள்: ஊவாத் தோட்ட லயங்கள் பற்றிய ஓர் ஆய்வு

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனித வாழ்வுக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இம்மூன்றனுள் உணவு ஒரு நாளிற் செலவாவது. உடை ஓர் ஆண்டிற் கிழிவது. உறையுளோ ஒரு தலைமுறையினர் கட்டி அடுத்த தலைமுறையினருக்கு விட்டுச் செல்வது. ஆதலின், ஒரு கட்டிடத்தின் நிலையை நோக்குமிடத்து, அதனைக் கட்டினோரின் செல்வ வளத்தை மட்டுமன்றி, அதனைப் பெற்றுக்கொண்டோர் சமுதாயத்தில் வகித்த இடத்தையும் ஒருவாறு அறிந்துகொள்ளலாம்.

கட்டிடங்கள் முதுமையினாற் சிதைகின்றன என்பது பொதுவான எண்ணம். இஃது அரை உண்மையே. 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயில் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து இன்றும் வழிபாட்டுக்குரியதாய் நிமிர்ந்து நிற்கின்றது. அதே வேளையில், கட்டி முப்பது ஆண்டுகளும் நிரம்பாத மாளிகைகள் சுவர் வெடித்துக் கூரை சரிந்து கிடப்பதையும் எந்நகரிலும் காணலாம். மழையும் வெயிலும் காற்றும் இரண்டுக்கும் பொதுவானவை. எனவே, சிதைவுக்குக் காலம் கருவியாகலாம். காரணம் வேறொன்றாதல் வேண்டும். அக்காரணம் யாதென்பதை ஊவா மாகாணத்துப் பெருந்தோட்டங்களின் லயங்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்ல என்னும் மலைச் சிற்றூரை அடுத்து, தெமோதரைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் ஒன்பது வளைவுகளைக் கொண்ட பாலம் ஒன்று உளது. ஏறத்தாழ 300 அடி நீளமும் 80 அடி உயரமும் வாய்ந்த இப்பாலம், உருக்குச் சட்டங்களின் உதவியின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டப்பட்டு 1921இல் நிறைவெய்தியது. 1894இல் பண்டாரவளையை அடைந்திருந்த புகையிரதப் பாதை 1924இல் பதுளையைச் சென்றடைந்தது இப்பாலத்தின் வழியாகவே. உலகின் பல பாகங்களிலிருந்தும் வருவோர் இதனைக் கண்டு வியந்து படம்பிடித்துச் செல்கின்றனர். அவர்கள் செல்லும் வழியெங்கும் மலைச் சரிவுகளில், தேயிலைச் செடிகளினிடையே துருவேறிய தகரக் கூரையுடன் நீண்டு கிடக்கும் கட்டிடங்களும் தென்படும். அவற்றை நின்று நோக்குவார் அரியர்.

பாலத்தின் வயதை ஒத்த லயங்கள் பல இன்றும் குடியிருப்புகளாக உள்ளன. அதனினும் மூத்தனவும் உண்டு. பாலத்தைத் தாங்கும் அதே மலைக் கல்லே லயத்தின் சுவரிலும் அடுக்கப்பட்டுள்ளது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. பாலத்தின் ஒரு கல் நெகிழ்ந்தால் அதனைச் சீர்செய்யவேண்டிய பொறுப்புடைய ஒரு திணைக்களம் உளது. லயத்தின் ஒரு தகரம் பறந்தால் அதனை மீள வேயவேண்டியவர் யார் என்ற வினாவுக்கு ஒன்றரை நூற்றாண்டாகத் தெளிவான விடை கிடைத்திலது.

லயத்தின் தோற்றம்

ஈழத்தின் மலைநாட்டில் கோப்பிப் பயிர்ச்செய்கை 1820ஆம் ஆண்டுகளிலே தோன்றி, அடுத்த இரு பதின்ம ஆண்டுகளில் வேகமாகப் பரந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமார் வழியாகத் திரட்டப்பட்ட மக்கள் கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். சில மாதங்களே தங்குவோருக்குச் சில மாதங்களுக்கான கொட்டகையே போதும் எனத் தோட்ட உடைமையாளர் கருதினர். களிமண் சுவரும் புல் வேய்ந்த கூரையுமாக, ஒரே நீளத்தில் பல அறைகளைத் தொடுத்து எழுப்பிய அக்கொட்டகைகளே லயங்களின் முன்னோடிகள். வரிசை எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே தோட்ட மக்களின் வழக்கில் லயன் எனவும் லயம் எனவும் வழங்கலாயிற்று.

1869ஆம் ஆண்டில் கோப்பி இலையைத் தாக்கும் பூஞ்சண நோய் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளுள் அந்நோய் மலைநாடெங்கும் பரவிக் கோப்பித் தொழிலை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்திலே தொடக்கிவைத்த தேயிலைப் பயிர்ச்செய்கை கோப்பியின் இடத்தைப் பெற்றது. பயிர் மாறியதோடு வாழ்க்கை முறையும் மாறியது. கோப்பி பருவத்துக்குப் பழுப்பது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. ஆதலின், பருவகாலத் தொழிலாளர் நிலையான குடிகளாயினர். ஆண்கள் மட்டும் வந்து சென்ற இடத்திற் குடும்பங்கள் குடியேறின. புல்லுக்குப் பதிலாகத் தகரமும், மண்ணுக்குப் பதிலாகக் கருங்கல்லும் வந்தன. ஆயின் கட்டிடத்தின் அமைப்பு மட்டும் மாறவில்லை. சில மாதத் தங்கலுக்கென வகுத்த வடிவமே பல தலைமுறை வாழ்வுக்குரிய வீடாக நிலைத்துவிட்டது. லயத்தின் குறைகள் யாவற்றுக்கும் இதுவே வேர் எனலாம்.

லயத்தின் ஒவ்வொரு பிரிவும் காம்பரா எனப்படும். பொதுவாகப் பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்ட ஓர் அறையும், அதன் முன்னே ஒடுங்கிய ஓர் இஸ்தோப்பும் ஒரு குடும்பத்துக்குரியன. அறையின் பரப்பு 120 சதுர அடி. ஒற்றை லயத்தில் அறைகள் ஒரே நிரையில் அமையும். இரட்டை லயத்தில் இரு நிரைகள் நடுச்சுவர் ஒன்றைப் பொதுவாகக் கொண்டு முதுகோடு முதுகு ஒட்டிநிற்கும். இரட்டை லயத்து அறைக்குப் பின்வாயிலும் இல்லை, பின்பலகணியும் இல்லை. முன்வாயில் வழியாகப் புகும் காற்றே மீண்டும் அவ்வாயில் வழியாக வெளியேறவேண்டும். விறகடுப்பின் புகை கூரையிலே படிந்து, சுவரைக் கரியாக்கி, குழந்தைகளின் மார்பிலும் தங்குகின்றது. மேட்டு லயம், பணிய லயம் எனத் தோட்ட மக்கள் இவற்றுக்கு இட்டு வழங்கும் பெயர்கள், அவை மலைச் சரிவில் நிற்கும் இடத்தைச் சுட்டுவன.

சிதைவு நிகழும் முறை

ஊவாவின் காலநிலை இருமுகம் கொண்டது. ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவினுள் இறங்கி வீசும். அக்கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் பெற்ற மணத்தை ஊட்டுவது. கொழுந்துக்கு மணம் ஊட்டும் அதே காற்று லயத்தின் தகரங்களை நெம்பி, ஆணித் துளைகளை அகலச் செய்கின்றது. தகரம் பறவாதிருக்கக் குடியிருப்போர் அதன்மேற் கற்களையும் மண்மூட்டைகளையும் ஏற்றிவைப்பது வழக்கம். அப்பாரத்தினாற் கைமரங்கள் வளைகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் கீழைப் பருவமழை தொடங்கும்போது, காற்று அகலச் செய்த துளைகள் வழியே நீர் உட்புகுகின்றது.

உட்புகும் நீர் முதலில் மரத்தை உளுக்கச் செய்கின்றது. பின்னர்ச் சுவரினுள் இறங்குகின்றது. பழைய லயச் சுவர்கள் பலவற்றிற் கல்லைக் கல்லோடு பிணைப்பது மண்சாந்தே. மேலே பூசிய சாந்து உறுதியாயிருக்கும்வரை உள்ளிருக்கும் மண்ணும் உறுதியாயிருக்கும். பூச்சு வெடித்து நீர் இறங்கியபின் மண் கரைந்து, கற்கள் தம்முள் பிடிப்பற்று வெறும் அடுக்காக நிற்கும். அவ்வேளையில் வெடிப்பை மறைக்கச் சீமெந்து பூசுவதால் நன்மையினும் தீமையே மிகுதி. உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரை மேலும் நலிவிக்கின்றது. லயத்தின் பின்புறத்து மேட்டிலிருந்து வரும் நீரைத் திருப்பிவிடும் கான் தூர்ந்துபோயின், நீர் அத்திவாரத்தின்கீழ் ஊறிச் சுவரையும் அது நிற்கும் நிலத்தையும் ஒருங்கே நெகிழ்த்துகின்றது.

இவ்வாறு நோக்கின், லயத்தின் அழிவு ஒரு தகரத்திலும் ஒரு கானிலும் தொடங்குவது புலனாகும். தொடக்கத்தில் ஒரு நாள் வேலையிற் சீர்செய்யத்தக்க குறை, பத்தாண்டு சென்றபின் ஒரு கட்டிடத்தையே இழக்கச் செய்கின்றது. எனவே, கேட்கவேண்டிய கேள்வி லயம் ஏன் இடிந்தது என்பதன்று. அந்த ஒரு நாள் வேலை ஏன் செய்யப்படவில்லை என்பதே.

பழுது பார்க்கவேண்டியவர் யார்?

ஆங்கிலேயர் ஆட்சியில் லயங்கள் தோட்டக் கம்பெனியின் உடைமைகள். 1912ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம், லயங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் சுகாதார நிலையில் வைத்திருக்கும் கடமையைத் தோட்டத் துரைமீது சுமத்திற்று. சட்டம் விதித்த கடமை தொழிலாளரின் உடல்நலத்தைக் கருதியது. அவர்களுக்கு அவ்வீட்டில் எவ்வித உரிமையையும் வழங்கவில்லை. வேலை உள்ளவரை காம்பரா உண்டு. வேலை போயின் காம்பராவும் போம். தான் நாளை நீங்கவேண்டிவரலாம் என்று அஞ்சும் ஒருவன், தன் சொற்ப ஊதியத்திலிருந்து பொருள் செலவிட்டுப் பிறனுடைய கூரையைப் புதுக்குவான் என எதிர்பார்ப்பது நேர்மையாகாது.

நாடு சுதந்திரம் பெற்றபின் நிலை மேலும் சிக்கலாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேர் எனக் கணிக்கப்பட்டோருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் உடன்பாடாயிற்று. ஒரே லயத்தில் ஒரு காம்பராவினர் புறப்படவும், அடுத்த காம்பராவினர் தங்கவும், மூன்றாம் காம்பராவினர் முடிவு தெரியாது காத்திருக்கவும் நேர்ந்தது. வாக்குரிமை இல்லாதோரின் கூரை எந்தச் சபையிலும் பேசப்படவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் வாயிலாகவே எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் பெருமளவில் தீர்ந்தது. ஒரு கட்டிடத்தின் ஆயுளில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் சிறு காலமன்று.

இதற்கிடையில் உடைமையாளரும் மாறினர். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அரச நிறுவனங்கள் இரண்டு அவற்றுட் பெரும்பாலானவற்றை நிருவகித்தன. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாக மாறியது. இப்பொழுது நிலம் அரசுக்கு உரியது. குத்தகை கம்பெனிக்கு உரியது. அன்றாட வாழ்வு தொழிலாளருக்கு உரியது. குத்தகைக்காரர் தமக்குச் சொந்தமல்லாத கட்டிடத்திற் பெரும் முதலிடத் தயங்குகின்றனர். அரசு, குத்தகைக்காரரைச் சுட்டுகின்றது. குடியிருப்போர் ஓர் அறையைக் கூட்டவும் அனுமதி பெறவேண்டியவராயுள்ளனர்.

உள்ளூராட்சி மன்றங்களேனும் உதவியிருக்கக் கூடாதா என ஒருவர் வினவலாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைத் தடையின்றிச் செலவிட இடந்தரவில்லை. தோட்ட மக்கள் தம் வாக்கினால் உறுப்பினரைத் தெரிவு செய்தபோதும், அவ்வுறுப்பினர் அமர்ந்த சபை அவர்களுடைய பாதையையோ கானையோ சீர்செய்ய இயலாதிருந்தது. இக்குறை 2018இற் செய்யப்பட்ட திருத்தத்தினால் நீக்கப்பட்டது. ஆக, உடைமையாளர், ஆள்வோர், வாழ்வோர் ஆகிய மூவருள் ஒருவருக்கேனும் முழு உரிமையும் முழுப் பொறுப்பும் ஒருங்கே அமையாத நிலை நெடுங்காலம் நீடித்தது. அந்த ஒரு நாள் வேலை செய்யப்படாமைக்குக் காரணம் இதுவே.

பிற இடத்து எடுத்துக்காட்டுகள்

இவ்வுண்மை தோட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. பெருநகரங்களின் நடுப்பகுதியிலும் இதனைக் காணலாம். பம்பாய் நகரில் 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வாடகையை 1940ஆம் ஆண்டு நிலையில் நிறுத்திவைத்தது. எளியோரைக் காக்கும் நல்லெண்ணத்துடன் இயற்றப்பட்ட அச்சட்டம் அரை நூற்றாண்டு நீடித்தபோது, வீட்டுடைமையாளர் பெறும் வாடகை ஒரு பலகணியைச் செப்பனிடவும் போதாததாயிற்று. குடியிருந்தோரோ தமக்குச் சொந்தமல்லாத சுவருக்குச் செலவிட விரும்பவில்லை. 1896ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் இந்தியாவிலே முதன்முதலாகச் சலனப்படம் காட்டப்பெற்ற வாட்சன் விடுதி, இங்கிலாந்தில் வார்க்கப்பட்ட இரும்புச் சட்டங்களால் எழுப்பப்பட்டது. அத்துணைப் புகழ்பெற்ற கட்டிடமும் பல நூறு சிற்றறைகளாகப் பிரிக்கப்பட்டுப் பேணுவாரற்றுப்போய், 2005இல் அதன் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. கொழும்பிலும் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பழைய கடைத் தெருக்களில் இதனையொத்த விளைவைத் தோற்றுவித்தது.

செட்டிநாட்டு மாளிகைகள் இதன் மறுபக்கத்தைக் காட்டுவன. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கற்களும் கொண்டு அவற்றைக் கட்டியோர், பர்மாவிலும் மலாயாவிலும் ஈழத்திலும் வட்டித்தொழில் செய்து பொருளீட்டிய நகரத்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா முதலீடுகளை இழந்தபின், மாளிகைகள் பல பங்காளிகளின் பொதுச்சொத்தாய் நின்றன. உரியவர் பலராயினும் பொறுப்பேற்பார் ஒருவரின்றிப் பூட்டிய வீடுகள் பல அழிந்தன. பம்பாயில் உடையோனுக்குப் பயனில்லை. செட்டிநாட்டில் உடையோர்க்குள் ஒருமையில்லை. ஊவாவில் உறைவோனுக்கு உடைமையில்லை. வழிகள் மூன்றாயினும் முடிவு ஒன்றே.

பேணுவோர் உளராயின் கட்டிடம் நிலைக்கும் என்பதற்கும் ஊவாவிலேயே சான்று உண்டு. 1845இல் ஹப்புத்தளையில் இடிவீழ்ந்து இறந்த மேஜர் றொஜேர்ஸ் என்பாரின் நினைவாகப் பதுளையில் எழுந்த புனித மாற்கு ஆலயம் 1857இல் அருச்சிக்கப்பட்டது. வழிபடும் சபையொன்று இருத்தலின் அஃது இன்றும் நிலைபெற்றுள்ளது. ஹப்புத்தளையில் சேர் தொமஸ் வில்லியர்ஸ் 1931இற் கட்டிய அடிசம் மாளிகை, துறவியர் மடமாக மாறியதனால் அழியாது நிற்கின்றது. தோட்டத் துரைமாரின் பழைய பங்களாக்கள் சிலவும் உல்லாசப் பிரயாணிகளுக்குரிய விடுதிகளாகிப் புதுப்பொலிவு பெற்றுள்ளன. ஒரே தோட்டத்தில், ஒரே காலத்திற் கட்டப்பட்ட பங்களா பொலிவதும் லயம் நலிவதும் கற்களின் குற்றமன்று.

கோயிலும் லயமும்

லயங்களின் சீர்கேட்டுக்கு அங்கு வாழ்வோரின் அசட்டையே காரணம் எனக் கூறுவாரும் உளர். இக்கூற்றை மறுப்பதற்கு லயத்துக்கு அணித்தே நிற்கும் சாட்சி ஒன்று போதும். மாரியம்மன் கோயிலோ முருகன் கோயிலோ இல்லாத தோட்டம் அரிது. தொடக்கத்தில் மரத்தடியில் நட்ட கல்லாகவும் சூலமாகவும் இருந்த இக்கோயில்கள், தொழிலாளர் தம் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் ஈந்த சிறு தொகைகளினால் மண்டபமும் விமானமும் பெற்று வளர்ந்தன. ஆண்டுத் திருவிழாவுக்குமுன் சுவருக்கு வெள்ளை பூசுவதும், கூரையைப் பார்வையிடுவதும், சுற்றுவெளியைத் திருத்துவதும் தவறாது நிகழ்கின்றன. அதே மக்கள், அதே வறுமை, அதே மழை. ஆயினும் கோயில் பொலிகின்றது, லயம் நலிகின்றது. கோயில் தம்முடையது என்னும் உணர்வு அவர்களுக்கு உண்டு. லயத்தைப்பற்றி அவ்வாறு உணர எவரும் அவர்களுக்கு இடமளித்ததில்லை.

சைவ மரபு கட்டிடப் பராமரிப்பை ஓர் அறமாகவே வகுத்துள்ளமை ஈண்டு நினைத்தற்குரியது. பழுதுற்ற ஆலயத்தைப் புதுக்குதலைச் சீர்ணோத்தாரணம் என ஆகமங்கள் தனித்து விதிக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை பாலத்தாபனம் செய்து, திருப்பணி முடித்து, அட்டபந்தனம் சார்த்திக் கும்பாபிடேகம் நிகழ்த்துவது வழக்கமாயிற்று. பிணைப்பு மருந்து நெகிழுமுன், சுதை உதிருமுன் கட்டிடத்தை முழுவதும் பார்வையிடுதற்கு இதனினும் சிறந்த ஏற்பாடு வேறில்லை. இடிந்தபின் கட்டுவதன்று, இடியாது காப்பதே இதன் உட்பொருள். இறைவன் உறையும் இல்லத்துக்கு வகுக்கப்பட்ட இந்நெறி, மனிதர் உறையும் இல்லத்துக்கும் பொருந்தாதென எவரும் கூறார்.

மண்சரிவு தந்த படிப்பினை

பேணாமையின் விலை சில வேளைகளில் உயிராகவும் அமைகின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையிற் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச் சரிவு இடிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானதென 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, செல்வதற்கு வேறு நிலம் இருக்கவில்லை. ஓரடி நிலமேனும் தமக்கென இல்லாதோரை ‘இவ்விடத்தை விட்டு நீங்குக’ என்றால் அவர்கள் எங்கே நீங்குவர்? எஞ்சியோர் பலர் பாழடைந்த பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலே நெடுநாள் தங்கவைக்கப்பட்டனர். 2016இலேயே பூணாகலைப் பகுதியில் அவர்களுக்குப் புதிய வீடுகள் கையளிக்கப்பட்டன.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பூணாகலைக் கபரகலைத் தோட்டத்திலும் மண்சரிவு லயங்களை அழித்தது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா சூறாவளியின்போது அறுநூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைச் சரிவுகள் பெருஞ்சேதமுற்ற மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மழை இயற்கையின் செயல். ஆயின் கான் தூர்ந்த மேட்டின் அடியில், மண்சாந்து கரைந்த சுவருக்குள், நீங்கிச் செல்ல வழியற்ற குடும்பம் ஒன்று அம்மழையை எதிர்கொள்வது இயற்கையின் செயலன்று.

செயற்பாலன

நிலைமை முற்றிலும் மாறாதிருக்கவில்லை என்பதையும் கூறுதல் நடுவுநிலைமையாகும். ஏழு பேர்ச் நிலத்தில் உறுதியுடன் தனிவீடு என்னும் கொள்கை ஏற்கப்பட்டுள்ளது. இந்திய அரசின் உதவியுடன் மலையகத்தில் முதலில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. அவ்வீடு ஒன்றின் பரப்பு 550 சதுர அடி. பழைய காம்பராவினும் நான்கு மடங்குக்கு மேற்பட்டது. 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தினால் மலைநாட்டுப் புதிய கிராமங்களுக்கான அதிகாரசபை நிறுவப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பண்டாரவளையில் 2,000க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. புதிய தனிவீடுகளின் முற்றத்திலே பூச்செடிகளும் வாசலிற் கோலமும் விளங்குவதைக் காண்போர், உரிமை ஒரு வீட்டை எவ்வாறு மாற்றும் என்பதை ஐயமற உணர்வர்.

எனினும் புதிய வீடு கிடைக்கும்வரை பல்லாயிரங் குடும்பங்கள் லயத்திலேயே வாழவேண்டியுள்ளன. நாளை கட்டப்படும் வீட்டைக் காரணங்காட்டி இன்று ஒழுகும் கூரையை விட்டுவைத்தல் ஆகாது. பருவமழைக்குமுன் ஆண்டுதோறும் கூரை, கான், அத்திவாரம் ஆகிய மூன்றையும் பார்வையிட்டுச் சீர்செய்வது யார் கடன் என்பதைக் குத்தகை உடன்படிக்கையிலும் பிரதேச சபை வரவுசெலவுத் திட்டத்திலும் ஐயத்துக்கிடமின்றிக் குறித்தல் முதற்பணி. அபாயமான சரிவுகளில் உள்ளோருக்கு எச்சரிக்கையோடு நிலத்தையும் ஒருங்கே அளித்தல் இரண்டாம் பணி. வழங்கும் உறுதி, பெறுவோர் தம் மக்களுக்குக் கையளிக்கத்தக்க முழு உறுதியாயிருத்தல் மூன்றாம் பணி. இவற்றுள் எதுவும் பொறியியல் வல்லுநரின் அருந்திறனை வேண்டுவதன்று. பொறுப்பை ஏற்கும் மனத்தையே வேண்டுவது.

லயங்கள் யாவும் ஒருநாள் இல்லாதொழிதலே விரும்பத்தக்கது. எனினும் அவற்றுள் ஒன்றிரண்டு வரலாற்றுச் சின்னமாகப் பேணப்படுதல் வேண்டும். கம்பளையை அடுத்த பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007இல் ஒரு லயமே தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகமாக அமைக்கப்பட்டது சிறந்த முன்மாதிரி. ஊவாவுக்கும் அத்தகைய ஒன்று வேண்டும். ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண வருவோர், அம்மலையைத் தேயிலை மலையாக்கிய மக்கள் எத்தகைய அறையில் உறங்கி எழுந்தனர் என்பதையும் கண்டு செல்லுதல் முறையாகும்.

ஊவாவின் பாடசாலைகளிற் பயிலும் மாணாக்கருட் பலர் லயத்தில் விளக்கேற்றிப் படித்தவர். ஆசிரியர் பலரும் அவ்விடத்திலிருந்தே வந்தவர். தத்தம் தோட்டத்து லயங்களின் வயது, அறைகளின் எண்ணிக்கை, கூரையின் நிலை, கானின் போக்கு ஆகியவற்றை அவர்கள் எழுதித் தொகுப்பாராயின், அஃது ஆராய்ச்சியாளருக்கும் அதிகாரிகளுக்கும் ஒருங்கே பயன்படும். குறைகளைக் கணக்கிட்டு எழுத்தில் வைத்தால், அவற்றை இல்லையென மறுத்தல் எளிதன்று. கல்லும் மரமும் தாமாக நிலைப்பதில்லை. தமது எனக் கொள்வார் உள்ள இடத்திலேயே அவை நிலைக்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஈழநாட்டுக்குச் செல்வம் ஈட்டித் தந்த மக்களுக்கு, ‘இது எம்முடையது’ என்று சொல்லத்தக்க ஒரு கூரையை அளிப்பது கொடையன்று, கடனே.